பட்டிக்காட்டான்: இந்த வார்த்தையோட அர்த்தம் என்ன, எங்கேர்ந்து வந்துச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காங்கேயம் பக்கத்துல பொறந்து வளர்ந்தவன், இப்ப 17 வருஷமா சென்னைல இருக்கேன், வீடு மடிப்பாக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, ஒரு மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எஸ்கலேட்டர் முன்னாடி வந்ததும் அம்மா நின்னுட்டாங்க, செருப்பைக் கழட்டிக் கைல எடுத்துக்கிட்டு ஒரு காலைத் தூக்கி வைக்கிறதும் எடுக்கறதுமா இருந்தாங்க. பின்னாடி நின்ன ஒரு பையன் கூட வந்தவன்கிட்ட "சுத்த பட்டிக்காடுடா"ன்னான். அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்கும். ஒண்ணும் சொல்லல, "நாம படியிலயே போலாம் கண்ணு"ன்னு திரும்பிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி எம்பொண்ணு கேட்டா, "அப்பா, பட்டிக்காடுன்னா கெட்ட வார்த்தையா?"ன்னு. அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சதுதான். அப்புறம் ஆபீஸ்ல, அபார்ட்மெண்ட்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துலன்னு இந்த வார்த்தையைப் பத்தி எப்ப பேச்சு வந்தாலும் அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு.

பட்டிக்காட்டான்னா நேரடியா என்ன அர்த்தம்?

பட்டி, காடு, ஆன். பட்டியும் காடும் இருக்கிற இடத்துல வாழற ஆளு, அவ்வளவுதான். வார்த்தைக்குள்ள எங்கயும் முட்டாள்னோ நாகரிகம் தெரியாதவன்னோ இல்ல. சொல்ற வாய் சேத்துவிட்ட அர்த்தம் அது. இன்னிக்குப் புழக்கத்துல ரெண்டு விதமா வருது. ஒண்ணு, இடத்தைச் சொல்றது, "அது சரியான பட்டிக்காடுங்க, பஸ்சே ஒரு நாளைக்கு ரெண்டுதான்"னு. இன்னொண்ணு ஆளையே இடத்தோட பேரால கூப்பிடறது, "அவன் ஒரு பட்டிக்காடு"ன்னு. ரெண்டாவதுதான் குத்தும், ஏன்னா அங்க மனுஷன் காணாமப் போயிடறான், ஊர் மட்டும்தான் நிக்குது.

பட்டின்னா என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், ஏன்னா இதைப் பார்க்காதவங்கதான் இந்த வார்த்தையை அதிகமா வீசறாங்க.

ஆடு மாட்டை ராத்திரி அடைச்சு வைக்கிற இடம் பட்டி. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, செம்மறி வெச்சிருந்தாரு. மூங்கில் தப்பையில பின்னின படலை நாலாபக்கமும் நிறுத்தி முளைக்குச்சியோட கயித்துல கட்டிட்டா பட்டி ரெடி. சாயங்காலம் ஒரு படலைக் கொஞ்சமா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆட்டை ஒவ்வொண்ணா உள்ள விடுவாரு. எண்ணவே மாட்டாரு, ஆனா கடைசி ஆடு நுழைஞ்சதும் "கருங்காதுக் குட்டி வரலையே"ன்னுட்டு டார்ச்ச எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாரு. நான் எண்ணிப் பார்த்தா நிஜமாவே ஒண்ணு குறையும். பட்டியை ஒட்டியே ஆள் படுக்க ஒரு சின்னக் குடிசை இருக்கும், நாலு பேர் சேர்ந்தா அப்படியே தூக்கி நகர்த்திடலாம். மழை பேஞ்ச மறுநாள் காலைல அந்தப் பட்டில வர்ற ஆட்டு மூத்திர வாடை, நசநசன்னு கிடக்கிற புழுக்கை, குட்டிங்க கத்தற சத்தம், இது எல்லாம் சேர்ந்ததுதான் எனக்குப் பட்டி.

இன்னொரு விஷயம், பட்டி ஒரே இடத்துல நிக்காது. நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா படலை எடுத்துப் பக்கத்துல மாத்திக் கட்டுவாங்க, ஏன்னா ராத்திரி முழுக்க ஆடு போடற புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு நேரடி உரம். காடு வெச்சிருக்கவங்க "எங்க காட்டுல வந்து பட்டி போடுங்க"ன்னு கேட்டுக் கூப்பிட்டு அதுக்குக் கூலியும் குடுப்பாங்க. தென்மாவட்டங்கள்ல இதையே கிடை போடறதுன்னு சொல்வாங்க. யூரியா மூட்டை வர்றதுக்கு முன்னாடி நிலத்தைக் காப்பாத்தினதுல பட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

மாட்டுப் பொங்கலுக்கு எங்க பக்கம் பேரே பட்டிப் பொங்கல்தான், இலங்கைத் தமிழர்களும் அப்படித்தான் சொல்றாங்க. அன்னிக்கு சாயங்காலம் பட்டிக்குள்ள பொங்கல் வெச்சு, மண்ணுல சின்னதா தெப்பக்குளம் கட்டித் தண்ணி ஊத்தி, கன்னுக்குட்டியை அதுல மிதிக்க விட்டு, "பட்டி பெருகணும், பால் பானை பொங்கணும்"னு எல்லாரும் கத்துவோம். ஒரு குடும்பம் நல்லா இருக்கணும்னா எங்க ஊர்ல முதல்ல பட்டிதான் பெருகணும். கோயம்புத்தூர் பக்கத்துல பேரூர் கோயில் சாமி பேரே பட்டீஸ்வரர், காமதேனு பூஜை பண்ணினப்ப அதோட கன்னுக்குட்டி பட்டியோட குளம்பு சாமி மேல பட்டதா தல வரலாறு. கும்பகோணம் பக்கத்துலயும் பட்டீஸ்வரம் இருக்கு. சாமிக்கு வெச்ச பேரு மனுஷனுக்குச் சொன்னா திட்டு.

சரி, காடுன்னா மரம் அடர்ந்த காடுதானே? அப்ப காட்டுல இருக்கிறவன்னு தானே அர்த்தம்?

இல்லைங்க, இங்கதான் சென்னைல இருக்கிறவங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. கொங்குப் பக்கமும் மத்த மானாவாரிச் சீமைலயும் காடுன்னா விவசாய நிலம். "அப்பா எங்கடா?"ன்னா "காட்டுக்குப் போயிருக்காங்க"ன்னுதான் சொல்வோம், அவர் புலி வேட்டைக்குப் போகல, சோளத்துக்குக் களை வெட்டப் போயிருக்காரு. தண்ணி பாயற நிலம் வயல், மழையை நம்பி இருக்கிற மேட்டு நிலம் காடு. சொத்து பத்து எல்லாம் சேர்த்துச் சொல்றப்ப காடு கழனி, காடு கரைன்னு சொல்றது இதை வெச்சுத்தான்.

எங்க பக்கம் கொறங்காடுன்னு ஒண்ணு இருக்கு. வெளியூர் ஆளுங்க பார்த்தா தரிசு நிலம்னு நினைப்பாங்க, ஆனா அது வேணும்னே மேய்ச்சலுக்கு விட்ட நிலம். சுத்தி கிளுவை மரத்துல உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்வேல மரம். மழை கம்மியா இருக்கிற பூமியில ஆடு மாட்டை எப்படிக் காப்பாத்தறதுன்னு தலைமுறை தலைமுறையா யோசிச்சு உண்டாக்கினது அது. காங்கேயம் காளை காங்கேயம் காளைன்னு இன்னிக்கு ஊரே பெருமையா ஸ்டேட்டஸ் வைக்குதே, அந்தக் காளை வளர்றது இந்தப் பட்டிலயும் இந்தக் காட்டுலயும்தான். அப்ப பட்டிக்காடுங்கிறதுல பட்டியும் சொத்து, காடும் சொத்து.

சென்னைலயே பாருங்க, மாங்காடு, திருவேற்காடு, கொஞ்சம் தள்ளிப் போனா பழவேற்காடு. காடு இல்லாத ஊர் எது?

ஊர்ப் பேர் கடைசில வர்ற பட்டியும் இதே பட்டிதானா?

ஆமா. மாடு அடைக்கிற இடத்தைச் சுத்தி நாலு வீடு வந்தா அது சின்ன ஊர், அதுக்கும் பட்டின்னே பேர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, வாடிப்பட்டி, கோவில்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டின்னு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரின்னு வறண்ட பக்கமெல்லாம் பட்டி நிறைஞ்சு கிடக்கும். சென்னையைச் சுத்தி ஏரி நிறைய, இங்க பாக்கம், சேரி, பேடு, ஊர்னு முடியும். அதனாலயே என்னவோ இந்த ஊர்க்காரங்களுக்குப் பட்டின்னு கேட்டாலே எங்கயோ தொலைவுல இருக்கிற ஊர்ங்கிற நினைப்பு வருதுன்னு நான் நினைக்கிறேன்.

கன்னடத்துல இதுவே ஹட்டி. நம்ம பால் அங்க ஹாலு, நம்ம பல் அங்க ஹல்லு, அதே மாதிரி பட்டி ஹட்டி ஆச்சு. நீலகிரில படுகர் ஊர்களை ஹட்டின்னுதான் சொல்வாங்க, ஊட்டி டூர் போறப்ப போர்டைக் கவனிச்சுப் பாருங்க.

அப்ப இது எப்படித் திட்டா மாறுச்சு? பழைய இலக்கியத்துல இருக்கா?

பட்டிங்கிற வார்த்தைக்கு இன்னொரு முகமும் ரொம்பக் காலமாவே இருக்கு. அடைக்கிற இடம் பட்டி, அதே சமயம் அடங்காமத் திரியறதும் பட்டி. கட்டுக்கு அடங்காம அடுத்தவன் வெள்ளாமைல வாய வைக்கிற மாட்டைப் பட்டிமாடுன்னு சொல்வாங்க. அகராதில ரெண்டு அர்த்தமும் இருக்கு.

கலித்தொகைல கபிலர் பாட்டு ஒண்ணு, 51ஆவது பாட்டு, "சுடர்த்தொடீஇ கேளாய்"னு ஆரம்பிக்கும், ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. தெருவுல நாம கட்டி விளையாடின மணல்வீட்டைக் காலால கலைச்சு, பூமாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிட்டு ஓடுவானே, "நோதக்க செய்யும் சிறுபட்டி"ன்னு ஒரு பொண்ணு தோழிகிட்ட சொல்றா. அந்தப் பையன் ஒரு நாள் தண்ணி கேட்டு வீட்டுக்கே வர்றான், இவ குடுக்கப் போறா, கையைப் பிடிச்சுடறான், இவ அம்மான்னு கத்திட்டு, அம்மா ஓடி வந்ததும் அவனுக்கு விக்கல் எடுத்துச்சும்மான்னு அவனைக் காப்பாத்தியும் விடறா. அங்க சிறுபட்டின்னா வாலுப்பையன், அடங்காத பய, அதுல திட்டைவிடப் பிரியம்தான் அதிகம். எனக்கு இந்த வார்த்தையோட வரலாத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

திருக்குறள்ல அந்தப் பிரியம் இல்ல. கயமை அதிகாரத்துல, 1074ஆவது குறள், "அகப்பட்டி ஆவாரைக் காணின் அவரின் மிகப்பட்டுச் செம்மாக்கும் கீழ்". தன்னைவிடக் கம்மியா தன்னிஷ்டத்துக்குத் திரியறவனைப் பார்த்தா, நான் அவனைவிட மேல்னு கீழ்மக்கள் இறுமாந்து போவாங்கன்னு அர்த்தம். இதை நான் பல தடவை படிச்சிருக்கேன். அடுத்தவனை மட்டம்னு பார்த்துத் தன்னை உசத்திக்கிறவனைத்தான் வள்ளுவர் கீழ்னு சொல்றாரு.

ஒண்ணு கவனிங்க, இந்த ரெண்டு இடத்துலயும் கிராமம்ங்கிற பேச்சே இல்ல. அடங்காதவன் பட்டி, அது எந்த ஊர்ல இருந்தாலும். இன்னிக்கு நாம பட்டிக்காட்டான்னு சொல்றப்ப முன்னாடி நிக்கிறது ஊர்தான். நகரம்னு ஒண்ணு பெருசாகி, படிப்பும் வேலையும் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் அங்க போய்ச் சேர்ந்து, கிராமத்து ஆளு எதுக்கெடுத்தாலும் அங்க வந்து கியூல நிக்க வேண்டியதான பிறகுதான் ஊர்ப் பேரை வெச்சு ஆளை மட்டம் தட்டறது இவ்வளவு சுலபமாச்சுன்னு நினைக்கிறேன். கெட்டும் பட்டணம் சேர்னு பழமொழியே இருக்கே, கெட்டவன் போய்ச் சேர்ற இடத்துல அவனுக்கு எப்படி மரியாதை கிடைக்கும்?

பட்டிமன்றத்துல வர்ற பட்டியும் இதுவா?

அதோட மாட்டைக் கட்ட வேண்டாம். சிலப்பதிகாரத்துலயும் மணிமேகலைலயும் பட்டிமண்டபம்னு வருது, சமயவாதிங்க உக்காந்து வாதாடற இடம். அது வேற புழக்கம்.

"பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி"ன்னு சொல்றாங்களே, அது ரொம்பப் பழைய பழமொழியா?

ரொம்பப் பழசா இருக்க வாய்ப்பில்ல, மிட்டாய்ங்கிற வார்த்தையே மிட்டாயி, மிட்டாய்னு உருது, இந்தி வழியா வந்ததுதான். கண்ணாடி ஜாடில கலர் கலரா அடுக்கி வெச்ச கடைன்னு ஒண்ணு டவுன்ல வந்த பிறகுதான் அதைப் பார்த்து ஒருத்தன் வாயைப் பொளக்க முடியும்.

நான் இந்தப் பழமொழியை வேற மாதிரி பார்க்கிறேன். அந்த ஆளு என்ன தப்புப் பண்ணினான்? திருடல, உடைக்கல, பார்த்தான். புதுசா ஒண்ணைப் பார்க்கிறப்ப கண்ணு விரியறது மனுஷ சுபாவம். மெரினாவுக்கு வர்ற ஊர்ச்சனம் முதல் தடவை கடலைப் பார்க்கிறப்ப நிக்கிற நிலை இருக்கே, பேச்சே வராது, கொழந்தையோட கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க. தினமும் அந்தப் பக்கம் பைக்ல போற நமக்குக் கடல் இருக்கிறதே மறந்து போச்சு.

மிட்டாய்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மிட்டாய்க்குப் பேர் வாங்கிக் குடுத்த ஊரோட பேர்லயே பட்டி இருக்கு!

செத்த காலேஜ், உயிர் காலேஜ்னு தாத்தா சொல்வாரு, அது என்ன?

இது சென்னையோட ஒட்டினது. எழும்பூர் மியூசியத்துக்குக் கிராமத்துலேர்ந்து வந்தவங்க வெச்ச பேர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். மியூசியம் 1851ல ஆரம்பிச்சுது, அதுலயே 1855ல மிருகங்களையும் வெச்சாங்க, அப்புறம் ஜூ சென்ட்ரல் பக்கத்துல இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985ல வண்டலூர் போச்சு. ஒரு இடத்துல பாடம் பண்ணி வெச்ச புலி, பெரிய திமிங்கல எலும்புக்கூடு, இன்னொரு இடத்துல நடமாடற புலி. இதுக்கு இதைவிடச் சரியா யார் பேர் வைக்க முடியும்? ஏதோ படிக்கிறதுக்குன்னு வெள்ளைக்காரன் கட்டின பெரிய கட்டடம், அது காலேஜ்தான், ஒண்ணுல எல்லாம் செத்தது, ஒண்ணுல எல்லாம் உயிரோட இருக்குது. இதை நிறைய பேர் கிராமத்தான் அறியாமைன்னு சொல்லிச் சிரிப்பாங்க, எனக்கு இது அறிவா தெரியுது. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச வார்த்தைல கச்சிதமா அடக்கறது சாமானிய வேலை இல்ல.

அதே மாதிரிதான் எல்ஐசி. 1959ல மவுண்ட் ரோட்ல 14 மாடியோட அது எழும்பினப்ப இந்த ஊர்லயே உசந்த கட்டடம். மெட்ராஸ் போறவன் எல்ஐசியை அண்ணாந்து பார்க்காம திரும்ப மாட்டான், ஊருக்குப் போய் எத்தனை மாடின்னு சொல்லணுமே. எண்ணிட்டுப் போனாங்க பாருங்க, அதுல நின்னு எண்ணாதவங்கதான் அவங்களைக் கிண்டல் பண்ணினாங்க.

நாட்டுப்புறத்தான்னு சொன்னாலும் இதே அர்த்தமா?

திட்டறப்ப ஆமா. ஆனா நாடுங்கிற வார்த்தையோட கதை இன்னும் சுவாரசியம். சோழர் காலத்துல ஊர் பல சேர்ந்தது நாடு, அந்த நாட்டுக்கு ஒரு சபை, அதுல இருந்தவங்க நாட்டார். விவசாய ஊர்களோட விவகாரத்தைப் பேசித் தீர்த்த பெரிய மனுஷங்க அவங்க. வியாபாரிங்க சபை நகரம், அதுல இருந்தவங்க நகரத்தார். நாட்டார் கீழ, நகரத்தார் மேலன்னு அப்ப யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. இன்னிக்கு யுனிவர்சிட்டில நாட்டார் வழக்காற்றியல், நாட்டுப்புறவியல்னு டிபார்ட்மெண்ட்டே இருக்கு. நாட்டுப்புறப் பாட்டுக்கு மேடையில கைத்தட்டு, அதைப் பாடின ஆயாவை பஸ்ல "நாட்டுப்புறம்"னு சொன்னா அது ஏச்சு.

இன்னும் பாருங்க, நாட்டுக்கோழி, நாட்டு மாட்டுப் பால், நாட்டுச் சர்க்கரை, நாட்டுத் தக்காளி, நாட்டு மருந்து. சென்னைல எந்தக் கடைக்கு வேணா போங்க, நாட்டுன்னு போர்டு வெச்சா விலை கூட. அந்தக் காலத்துல நாட்டுக்கு எதிர்ப்பதம் சீமை, வெளிநாட்டுலேர்ந்து வந்தது சீமைச் சரக்கு, நம்மளது நாட்டுச் சரக்கு. கோழியைக் கூடுதல் காசு குடுத்து வாங்கி, அதை வளர்த்து அனுப்பினவனை மட்டும் ஏன் மட்டமா பார்க்கணும்? எனக்கு இது இன்னி வரைக்கும் புரியல, கோபமாத்தான் இருக்கு.

வேற என்னென்ன வார்த்தை இருக்கு?

கிராமத்தான், காட்டான், ஊர்நாட்டான், அப்புறம் இப்ப இங்கிலீஷ்ல வில்லேஜுன்னே சொல்றாங்க, "அவ கொஞ்சம் வில்லேஜ் டைப்"னு. காட்டான்னா முரடன்ங்கிற அர்த்தம் முன்னாடி வந்து நிக்கும். பட்டிதொட்டி எல்லாம்னு சொல்றோமே, அது மட்டும் நல்லவிதமா வருது, "பட்டிதொட்டி எங்கும் ஓடின படம்"னா யாருக்கும் வருத்தம் இல்ல.

சேரிங்கிற வார்த்தையையும் இங்க சொல்லியே ஆகணும். சேர்ந்து வாழற இடம் சேரி, பழைய இலக்கியத்துல அப்படித்தான் இருக்கு, வேளச்சேரி, புதுச்சேரின்னு பேசறப்ப யாருக்கும் நாக்கு கூசறதில்ல. அதையே தனியா ஒருத்தரைப் பார்த்துச் சொன்னா அது ஜாதியை வெச்சு அடிக்கிற அடி. பட்டிக்காட்டான்ங்கிறதுலயும் சில வாய்ல ஜாதி ஒளிஞ்சிருக்கும், ஊர் பேரைச் சொல்ற மாதிரி சொல்லி வேற ஒண்ணைச் சொல்வாங்க. கேக்கிறவங்களுக்கு அது உடனே தெரிஞ்சிடும்.

சென்னைக்காரங்க யாரும் பட்டிக்காட்டான் இல்லையா?

இந்த ஊரே கிராமங்களைச் சேர்த்துத் தைச்ச ஊர். 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைச்சது கடலோரமா ஒரு துண்டு நிலம். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை எல்லாம் 1693ல சேர்ந்த கிராமங்க. நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு 1708ல. இன்னிக்கு சென்னைலயே விலை ஒசந்த நுங்கம்பாக்கம் அப்ப வயலும் ஏரியும். தீபாவளிக்கு இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறோமே தி.நகர், அது மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920கள்ல உண்டாக்கினது.

அவ்வளவு பின்னாடி கூடப் போக வேண்டாம். 2011 அக்டோபர்ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆச்சு. அப்ப சேர்ந்த 42 உள்ளாட்சில 25 கிராமப் பஞ்சாயத்து. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், நான் இருக்கிற மடிப்பாக்கம் எல்லாம் அதுல உண்டு. நான் வாடகைக்கு வந்தப்ப எங்க தெருவுக்குத் தண்ணி வரலைன்னா பஞ்சாயத்து ஆபீஸ்க்குத்தான் போவோம். ஈசிஆர்ல பங்களா வெச்சிருந்தவர்கூட 2011 வரைக்கும் கிராமவாசிதான், ஒரு கெசட் அறிவிப்புல சிட்டிக்காரர் ஆனாரு. எங்க பக்கத்து வீட்டுப் பெரியம்மா இந்த ஊர்லயே பொறந்தவங்க, இன்னிக்கும் மவுண்ட் ரோடு கிளம்பறப்ப "பட்டணம் போய்ட்டு வரேன்"னுதான் சொல்லிட்டுப் போறாங்க.

மத்த மொழியிலயும் இப்படி இருக்கா?

இருக்கு. தெலுங்குல பல்லென்னா கிராமம், பல்லெடூரோடுன்னா நம்ம பட்டிக்காட்டான்தான். இந்தில காவ்னா ஊர், அதுலேர்ந்து கவார், அதுக்குப் பச்சையா முட்டாள்னே அர்த்தம் ஆகிப்போச்சு. எல்லாத்துலயும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது வில்லன். நம்ம சினிமா வில்லன்தான். லத்தீன்ல வில்லான்னா பண்ணை, அந்தப் பண்ணைல உழைச்ச ஆளைக் குறிச்ச வார்த்தை, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, தாழ்ந்தவன் ஆகி, கெட்டவன் ஆகி, கடைசில ஹீரோகிட்ட அடி வாங்கறவனா வந்து நிக்குது. உழுதவனை வில்லன் ஆக்கினது எல்லா ஊர் நகரமும்தான்.

கிராமத்துக்காரங்க திருப்பி ஒண்ணும் சொல்றதில்லையா?

சொல்வாங்களே. பட்டணத்தான், மெட்ராஸ்காரன், டவுன்காரன். எங்க ஊர்ல "மெட்ராஸ்காரன் தண்ணி குடுக்கவும் கணக்குப் பார்ப்பான்"ம்பாங்க. மெட்ராஸ் பாஷையைக் கேட்டுட்டு மதுரைக்காரங்களும் திருநெல்வேலிக்காரங்களும் சிரிக்கிறதும் இதே நோய்தான், அதுவும் தப்புதான். வடசென்னைல பொறந்து வளர்ந்தவங்க பேசற தமிழ், தெலுங்கு உருது இங்கிலீஷ்னு பல ஜனம் சேர்ந்து ஹார்பர்ல வேலை பார்த்த ஊரோட தமிழ், அதை மட்டம்னு சொல்ல ஒருத்தருக்கும் அருகதை இல்ல.

பொம்பளைங்களுக்குத் தனி வார்த்தை உண்டா?

பட்டிக்காட்டுப் பொண்ணு, இல்லன்னா வெறும் பட்டிக்காடு. பொம்பளைங்களைச் சொல்றப்ப பெரும்பாலும் சேலை கட்டினது, எண்ணெய் தடவி வாரின தலை, சத்தமாப் பேசறதுன்னு உடம்பைப் பார்த்தே சொல்வாங்க, அதனால அவங்களுக்கு அது இன்னும் கிட்ட வந்து குத்தும். ஆபீஸ்ல கூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தங்க தர்மபுரிப் பக்கம், வேலையில கெட்டி, மீட்டிங்ல மட்டும் வாயே திறக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா "என் பேச்சு பட்டிக்காடு மாதிரி இருக்கும்ணா"ன்னாங்க. யாரோ எப்பவோ சொன்னது, அவங்களே எடுத்துச் சொல்லிக்கிறாங்க.

ஃப்ரெண்ட்ஸுக்குள்ள விளையாட்டா சொன்னாத் தப்பா?

நானும் என் ரூம்மேட்டும் ஒருத்தரை ஒருத்தர் பட்டிக்காடுன்னு கூப்பிட்டிருக்கோம், ரெண்டு பேருமே ஊர்லேர்ந்து வந்தவங்க, ரெண்டு பேருக்கும் வலிக்கல. அதையே மேனேஜர் சொன்னா வலிக்கும். முன்னப்பின்ன தெரியாதவங்க ரோட்டைக் கடக்கத் தடுமாறறப்ப, ஏடிஎம்ல முழிக்கிறப்ப, கிளாம்பாக்கத்துல இறங்கி எந்த பஸ்னு தெரியாம மூட்டையோட நிக்கிறப்ப சொல்லாதீங்க. அந்த நேரம் அவங்களுக்கு வேண்டியது ஒரு தகவல், எந்த பஸ்சு, எந்தப் பட்டன்னு. புறநானூறுல ஔவையார் ஒரு பாட்டு, 187ஆவது பாட்டு, "நாடா கொன்றோ காடா கொன்றோ"ன்னு ஆரம்பிக்கும். நிலமே, நீ நாடா இரு காடா இரு, பள்ளமா இரு மேடா இரு, எந்த இடத்துல ஆம்பளைங்க நல்லவங்களோ அந்த இடத்துல நீயும் நல்ல நிலம்தான்னு முடிப்பாங்க. ஊரைப் பார்த்து ஆளை எடை போடாத, ஆளைப் பார்த்து ஊரை எடை போடுன்னு அவ்வளவு காலம் முன்னாடியே சொல்லிட்டாங்க.

உங்க அம்மா அப்புறம் எஸ்கலேட்டர்ல ஏறினாங்களா?

இதை எல்லாரும் கேக்கறாங்க. ஏறினாங்க. போன பொங்கல் முடிஞ்சு வந்தப்ப எம்பொண்ணு "அப்பத்தா, நான் கையைப் பிடிச்சுக்கறேன் வா"ன்னு அதே மாலுக்கு இழுத்துட்டுப் போனா. அம்மா கொஞ்ச நேரம் நின்னு படி வர்றதையே பார்த்துட்டு இருந்தாங்க, பின்னாடி வந்தவங்களை "நீங்க போங்க கண்ணு"ன்னு ஒதுங்கி வழி விட்டாங்க. அப்புறம் எம்பொண்ணுகிட்ட "வண்டி ஓடறப்ப தாவி ஏறுவோமல்ல சாமி, அந்தக் கணக்குத்தான்"னுட்டு, செருப்போடவே, சேலைக் கொசுவத்தை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டக்குனு கால் வெச்சாங்க. மேல போய் இறங்கினதும் இன்னொரு தடவை போலாமான்னு அவங்கதான் கேட்டாங்க.